முப்பத்தொன்பதில் ஒன்று

திருத்துறைப்பூண்டி
23.6.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடுதாசி கிடைத்தது. வாட்ஸ்அப் காலத்திலும் இன்லேண்டு லெட்டர் தேடி வாங்கி எழுதுகிறாய், உன்னைத் திருத்த முடியாது. இங்கே எல்லாரும் சுகம். ஜூன் 12-க்கு மேட்டூர் அணை திறக்கவில்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நட்டுவிட்டார்கள். கடைமடைக்காரன் நான் சம்பாவை நம்பித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நம்ம நாகப்பட்டினம் கம்யூனிஸ்ட் செல்வராசு நாலு தடவை எம்.பி. ஆனதெல்லாம் கூட்டணி புண்ணியம்தானே" என்று எழுதியிருக்கிறாய். பாதி சரி. 1996-இலும் 2019-இலும் அவர் கூட்டணிக்கு நல்ல அலை, நம்ம தொகுதியும் அதில் மிதந்தது. அதற்கு நான் வாதாட வரவில்லை.

ஆனால் 1989 நாடாளுமன்றத் தேர்தலை எப்படி மறந்தாய்? உங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி விடிய விடிய உட்கார்ந்திருந்தோமே. தமிழ்நாட்டின் 39 தொகுதியில் 38 காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குப் போனது. அதே வருஷம் ஜனவரியில் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்கே ஒரு எம்.பி. கூட இல்லை. மிச்சமிருந்த அந்த ஒன்று நாகப்பட்டினம், இந்திய கம்யூனிஸ்ட்டின் கதிர் அரிவாள் சின்னம், நம்ம செல்வராசு. நீடாமங்கலம் பக்கத்துக் கப்பலுடையான் ஆள், அப்போது வயது 32. காங்கிரஸ்காரரான உன் அப்பா ரேடியோவைப் பட்டென்று அணைத்து, "போய்ப் படுங்கடா" என்றார். போர்வைக்குள் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?

1998-இலும் காற்று எதிர்ப்பக்கம்தான். அ.தி.மு.க., பா.ஜ.க. அணிக்கு 30. எதிரணியின் 9-இல் இந்திய கம்யூனிஸ்ட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் இவர்தான். அதைக் கூட்டணி மட்டும் கொடுத்திருக்காது. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அனுபவித்தவர்கள் அன்றைக்குச் சேரியில் உயிரோடு இருந்தார்கள். கூலிச் சண்டைக்குக் கூட நின்ற கொடிக்கு அவர்கள் ஓட்டு மாறாது.

1999-இலிருந்து மூன்று தேர்தல் தி.மு.க.வின் ஏ.கே.எஸ். விஜயன், 2014-இல் அ.தி.மு.க. அதற்குள் ஊரும் மாறிப்போனது. அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது, அரிவாளைச் சுவரில் வரைந்தால்தான் உண்டு. சங்கத்துக்கு வரவேண்டிய பையன்கள் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். அதனால் 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததைவிட 1989-இன் ஜெயிப்பைத்தான் நான் பெரிதாக எண்ணுவேன்.

இந்தத் தடவை உடம்புக்கு முடியாமல் அவர் நிற்கவில்லை. ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. நடுவில் மே 13 அன்று போய்விட்டார். கட்சி நிறுத்திய ஆள் பெயர் வை.செல்வராஜ். முடிவு வந்த அன்று டீக்கடையில் எங்கள் தெரு ஆயா கேட்கிறது: "செல்வராசு ஜெயிச்சிட்டாராமே, அவரைப் போன மாசந்தானே அடக்கம் பண்ணாங்க?" ராசு வேறு, ராஜ் வேறு என்று நான் விளக்குவதற்குள் ஆறிய டீயைக் குடித்து முடித்துவிட்டது. "எனக்கு ஆளா தெரியும்? அருவாளுல அமுக்குனேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனது.

அப்புறம், உன் அம்மா கேட்ட கோரைப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடியில் வந்தால் எடுத்துக்கொண்டு போ.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்