மில்லிகனை மிஞ்சும் மாணவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நின்றே காலம் கழித்தவன் நான். செய்முறைத் தேர்வு நெருங்குவதால் இதை எழுதுகிறேன்.

ஒளியின் அதிர்வெண்ணை அதன் ஆற்றலோடு இணைக்கும் எண்ணான பிளாங்க் மாறிலியைக் காணும் சோதனை பலருக்கும் நினைவிருக்கும். ஒளிமின்கலத்தில் (ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் கருவி) ஒவ்வொரு நிற ஒளியாக விழச்செய்து, எந்த எதிர் மின்னழுத்தத்தில் அந்த ஓட்டம் நிற்கிறது என்று குறித்து, அதிர்வெண்ணோடு சேர்த்து வரைபடம் போட வேண்டும். கோட்டின் சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் விடை. பல ஆண்டுகள் பாடுபட்டு அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் 1916-இல் வெளியிட்ட மதிப்பு 6.57 (10-இன் அடுக்கை விட்டுவிடுகிறேன்). நம் பிள்ளைகளோ இரண்டே மணி நேரத்தில் புத்தகத்தில் உள்ள 6.62-ஐயே கொண்டுவந்துவிடுகிறார்கள்! எப்படி என்று எனக்குத் தெரியும். முதலில் கோடு, அப்புறம் அதன்மேல் புள்ளிகள். ரப்பரால் அழித்த தடம் வரைபடத்தாளில் அப்படியே இருக்கும்.

ஒரு தேர்வில் ஒரு மாணவிக்கு 5.3 வந்தது. அழிக்கவில்லை. கலம் இருந்த பெட்டியின் மூடியில் கையை வைத்தாள். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சற்று இறங்கியது. கையை எடுத்தாள், ஏறியது. இடுக்கு வழியே டியூப்லைட் வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் ஃபில்டர் போட்டிருக்கும்போது அந்த வெளிச்சத்திலுள்ள நீலமும் கலத்தில் விழுந்தால், மஞ்சளுக்கு வேண்டியதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால்தான் ஓட்டம் நிற்கும். நீல ஃபில்டரில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆக, கோட்டின் ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு சாய்வு குறைந்துபோகும். கறுப்புத் துணியைப் போர்த்தி மறுபடி ரீடிங் எடுத்தாள். 6.1. இரண்டு விடையையும் காரணத்தோடு எழுதிக் கொடுத்தாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் '6.6 வரவில்லை' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அடுத்த மேசையின் 6.62-க்கு முழு மதிப்பெண். நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இத்தனைக்கும் 2019 மே 20 முதல் இந்த மாறிலி 6.62607015 என்று வரையறையாகவே நிர்ணயிக்கப்பட்டு, கிலோகிராமே அதை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. இனி அந்த எண்ணை யாரும் அளந்து திருத்தப்போவதில்லை. அப்படியானால் மாணவர் சோதித்துப் பார்ப்பது தன் மீட்டரை, ஃபில்டரை, பெட்டி மூடியைத்தானே?

விடை சரியாக வந்ததற்கு இத்தனை மதிப்பெண் என்று பட்டியல் போடுகிறவர்கள், பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததற்கும் தனியாக ஒரு வரி சேர்க்கட்டும். எடுத்த ரீடிங்கை அழிக்காமல் பேனாவில் எழுதச் சொல்லட்டும். வரைபடத்தில் கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளியைக் கண்டால் உடனே சிவப்பு மையால் சுழிக்காமல், 'இது ஏன் இப்படி?' என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்