காக்கை பிடித்த கதவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. செக் நாட்டுப் பிராகில் மகன் வீட்டில் பேரனைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே பொழுது போய்விடுகிறது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிறு இங்கிருந்து தெற்கே ஹ்லுபோகா என்ற அரண்மனைக்குப் போனோம். வெள்ளை வெளேரென்று, இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டைக்குத் தங்கை மாதிரி நிற்கிறது. இதன் சொந்தக்காரர்களான ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுவும் மனைவியும் இங்கிலாந்து போய்வந்த மயக்கத்தில், 1841-இல் தொடங்கி முப்பது வருடம் இதை மாற்றிக் கட்டினார்களாம். 140 அறைகள். அதெல்லாம் சரி, நான் நின்றுவிட்டது கதவருகே.

கதவின் பிடி ஒரு வெட்டுண்ட தலை. மொட்டை, உச்சியில் மட்டும் குடுமி. அதன்மேல் ஓர் அண்டங்காக்கை குந்திக்கொண்டு கண்ணைக் கொத்துகிறது. பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

அது அவர்கள் குலச்சின்னம். 1598-இல் அந்தக் குடும்பத்து அடோல்ஃப், துருக்கியரிடமிருந்து ராப் கோட்டையை மீட்டார். இன்று ஹங்கேரியில் ஜ்யோர் என்கிறார்களே, அந்த ஊர். மகிழ்ந்துபோன பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், துருக்கியன் தலையையும் காக்கையையும் சின்னத்தில் சேர்த்துக்கொள்ள வரம் கொடுத்தார். ஏன் காக்கை தெரியுமா? ஜெர்மன் மொழியில் ராபே என்றால் அண்டங்காக்கை. ராபைப் பிடித்தவனுக்கு ராபே! நம் தமிழய்யா இருந்திருந்தால் சிலேடைக்கு உதாரணமாக இதையே எழுதிப்போட்டிருப்பார்.

இரண்டே வருடத்தில், சம்பளம் கிடைக்காமல் கலகம் செய்த தங்கள் பக்கத்துக் கூலிப்படையையே அடக்கப் போன இடத்தில் அடோல்ஃப் சுடப்பட்டுச் செத்தார். அதற்குச் சின்னத்தில் இடமில்லை.

இந்தக் காக்கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். செட்லெட்ஸ் என்ற ஊரின் எலும்புத் தேவாலயத்தில் இதே சின்னத்தை 1870-இல் மனித எலும்புகளாலேயே செய்துவைத்திருக்கிறார்கள், காக்கையையும் சேர்த்து. அங்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் அங்கே யாரும் தொடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவன் கையில், செத்த எதிரியின் தலையைத் திணிக்க ஒருவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? நம் வீடுகளில் வாசலில் யானையோ லட்சுமியோ இருக்கும். இவர்கள் பழைய சண்டையை மாட்டிவைத்திருக்கிறார்கள்.

மருமகள் சர்வசாதாரணமாகப் பிடியைப் பற்றிக்கொண்டு, பேரனைத் தூக்கிக் காட்டினாள். அவன் காக்கையைப் பார்த்துச் சிரித்தான்.

படம் அனுப்புகிறேன். சாப்பிடும்போது தங்கச்சியிடம் காட்டாதே.

உன்,
ராமநாதன்