அந்த ஆரஞ்சு வளையம் வேறு கருந்துளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கருந்துளைக் கட்டுரையைப் படித்தேன். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தின் நடுவில் இடைநிலை நிறை கொண்ட (சிறியதும் அல்லாத, ராட்சத அளவும் அல்லாத) கருந்துளையை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 'படம்பிடித்தது' என்று எழுதி, பக்கத்திலேயே ஓர் ஆரஞ்சு வளையத்தையும் போட்டிருந்தீர்கள். அது எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளை. தரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள் பல சேர்ந்து எடுத்து, 2019இல் வெளியான படம். அதன் நிறை சூரியனைப் போல் சுமார் 650 கோடி மடங்கு. ஒமேகா சென்டாரியில் இருப்பதாகச் சொல்வதோ, குறைந்தது 8,200 மடங்கு. பூனையைப் பற்றி எழுதிவிட்டு யானைப் படம் போட்ட மாதிரி.

சரி, படத்தை விடுங்கள். 'படம்பிடித்தது' என்ற சொல்தான் உறுத்துகிறது. அந்தக் கருந்துளையை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது ஏழு விண்மீன்களை. அவை ஓடும் வேகத்துக்கு எப்போதோ கொத்தை விட்டே பறந்திருக்க வேண்டும். இன்னும் நடுவிலேயே இருக்கின்றன என்றால், வெளிச்சமே இல்லாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. 2024இல் வந்த ஆய்வு சொன்னது இதைத்தான்.

நான் நிலஅளவையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு விண்மீன் வினாடிக்கு 100 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டேன். 20 ஆண்டில் சுமார் 6,300 கோடி கி.மீ. ஆனால் கொத்து இருப்பது ஏறக்குறைய 17,700 ஒளியாண்டு தொலைவில். இங்கிருந்து பார்த்தால் அந்த ஓட்டமெல்லாம் 0.08 வினாடிக் கோணம்தான் (இந்த வினாடி நேரம் அல்ல, ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). கோணம் அளக்கும் என் பழைய தியோடலைட் கருவியில் படிக்க முடிந்த மிகச் சிறிய கோணம் 20 வினாடி. அதில் 250இல் ஒரு பங்கு. ஹப்பிள் கேமராவில் இரண்டு பிக்சல். தரையிலிருந்து பார்த்தால் காற்றின் அலைப்பிலேயே விண்மீன் இதைவிடப் பல மடங்கு ஆடும். விண்வெளிக்குப் போயே ஆக வேண்டிய காரணம் அதுதான்.

கட்டுரையில் ஒரு வரியாவது இடம்பெற்றிருக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. அந்தப் படங்களில் பெரும்பாலானவை கருந்துளை தேட எடுத்தவையே அல்ல. கேமராவைச் சரிபார்க்க, விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தக் கொத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். நிலஅளவையில் நாங்கள், இடம் ஏற்கெனவே தெரிந்த இரண்டு அளவைக் கற்களுக்கு நடுவே கருவியை வைத்துச் சரிபார்ப்போமே, அந்த மாதிரி. இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்த 500க்கும் அதிகமான படங்களிலிருந்து 14 லட்சம் விண்மீன்களின் நகர்வைக் கணக்கிட்டார்கள். அதில் அகப்பட்டவைதான் இந்த ஏழும். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் பழைய அளவைப் புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். அப்புறம் ஓர் எல்லைத் தகராறு வந்தபோது ஒப்பிட எதுவும் இல்லை.

வேறு வழியிலும் இத்தகைய கருந்துளைகள் சிக்குவதுண்டு. கிட்டே வந்த விண்மீனைக் கிழித்து விழுங்கும்போது எக்ஸ் கதிர் வீசும். சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிகள் அப்படிக் கண்ட ஒன்று, வேறொரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் ஒரு கொத்துக்குள் இருப்பதை 2020இல் ஹப்பிள் காட்டியது. சுமார் 50,000 சூரிய நிறை. ஆனால் அது இரை விழுந்த நேரத்தில் கிடைத்த அதிர்ஷ்டம். ஒமேகா சென்டாரியில் இருப்பது சத்தமில்லாமல் கிடக்கிறது. அங்கே ஒரே பெரிய கருந்துளைக்குப் பதில் சிறியவற்றின் கூட்டம் இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழு விண்மீன்களின் வேகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்று என்றுதான் படுகிறது. ஆனால் 'உறுதியானது' என்று தலைப்புப் போட நான் அவசரப்பட மாட்டேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கொத்தின் நடுப்பகுதியை நெருக்கமாகக் காட்டும் ஹப்பிள் படத்தையே போடுங்கள். நடுவில் கருந்துளை என்று ஒன்றும் தெரியாது. அதற்காக வளையம் வரைந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் ஒருவர்