ஈரம் வற்றுமுன் தோண்டுங்கள்

இங்கிலாந்தின் தொல்லிடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தொல்லிடங்களை முடிந்தவரை மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதுதான் பத்திரம் என்பது உங்கள் நெடுநாள் கொள்கை. பெரும்பாலான இடங்களுக்கு அது சரிதான். ஆனால் வட இங்கிலாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரையொட்டி, ஈர மண்ணில் புதைந்திருக்கும் ரோமானியக் கோட்டைகளுக்கு அது இனி பொருந்தாது.

அவற்றில் ஒன்றான விண்டோலாண்டாவில் முதல் மரக்கோட்டை எழுந்தது கி.பி. 85 வாக்கில். பின்னால் வந்த படைகள் பழையதை இடித்து, மேலே களிமண்ணையும் புல்கட்டிகளையும் பரப்பிப் புதிதாகக் கட்டின. காற்று புகாததால் அடியில் கிடந்த மரமும் தோலும் மக்கவில்லை. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி கண்டெடுத்த, மையால் எழுதப்பட்ட மர ஏடுகள் அப்படித்தான் பிழைத்தன. தபால் அட்டை அளவுதான், சில மில்லிமீட்டர் தடிமன். ஒன்றில் படைக் கணக்கு: மொத்தம் 752 பேர், கோட்டையில் இருந்தவர்கள் 296 பேர். அவர்களிலும் 31 பேருக்கு உடம்புக்கு முடியவில்லை. பத்துப் பேருக்குக் கண்நோய். இன்னொன்றில் வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவெரா தன் தோழி லெப்பிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். எழுத்தர் எழுதி முடித்ததும், நீ வருவாய் என்று எதிர்பார்த்திருப்பேன் சகோதரி என்று தன் கையாலேயே கீழே சேர்த்திருக்கிறார். எல்லையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் சொந்தக் கையெழுத்து! எந்தக் கல் சுவர் இதைத் தரும்?

அந்த ஈரம் இப்போது வற்றுகிறது. நீண்ட வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கி, மண் சுருங்கி வெடிக்கிறது. விரிசல் வழியே காற்றும் நுண்ணுயிரும் இறங்குகின்றன. பக்கத்திலுள்ள மேக்னா கோட்டையில் 2023இல் ஐந்தாண்டு அகழாய்வு தொடங்கியதே இந்தக் கவலையால்தான். கல்லும் பானையோடும் காத்திருக்கும். மர ஏடு மக்கிவிட்டால் போனது போனதுதான்.

நாளைய கருவிகள் இன்னும் மேலானவையாக இருக்கும், அவசரப்படாதீர்கள் என்பவர்கள் உண்டு. அது நியாயமான வாதம். வெளியே எடுத்ததும் மங்கிப்போன மையை அகச்சிவப்புப் படங்கள்தானே படித்துக் கொடுத்தன! ஆனால் அந்தக் கருவிக்கும் படிக்க ஏடு வேண்டுமே.

எனவே, சுவர் நெடுக ஈர அடுக்கு உள்ள ஒவ்வொரு கோட்டையிலும் மண்ணின் ஈரத்தை அளந்து, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். காய்ந்துவரும் இடங்களில் அகழாய்வு அனுமதிக்குத் தாமதமின்றிப் பரிந்துரை செய்யுங்கள். அப்புறம், தோண்டும் செலவோடு மரத்தையும் தோலையும் பதப்படுத்தும் ஆய்வகச் செலவுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வழிசெய்யுங்கள். அது இல்லாமல் தோண்டுவது, தோண்டாமல் இருப்பதைவிட மோசம். அடுத்த கோடைக்கு முன் முதல் அளவீட்டையாவது எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர் ஒருவர்