புள்ளி இல்லாத பதினாறு பக்கம்

தூத்துக்குடி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். இப்போது தெருமுனைச் சுவரொட்டிகூடத் தெளிவாகத் தெரிகிறது, அதில் உள்ள ஒற்றுப்பிழைகளையும் சேர்த்து. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் வாங்கி வைத்ததோடு சரியா?

போன ஞாயிறு பேரன் பைக்கில் புன்னைக்காயல் போய்வந்தேன். தாமிரபரணி கடலில் சேருகிற இடம். மீன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்த அண்டிரிக்கிப் பாதிரியார் இருந்த ஊரைப் பார்க்கத்தான் போனேன். நாற்பது வருஷம் ஈய எழுத்தைக் கோத்துச் சாப்பிட்டவர்கள் நாம். நம் தொழிலுக்குப் பாட்டன் அவர்தானே? அச்சாபீஸில் இருந்த காலத்தில் அவர் பெயரே நமக்குத் தெரியாது.

முழுப்பெயர் என்றிக்கே என்றிக்கஸ். 1520இல் போர்ச்சுகலில் பிறந்தவர். யூத வம்சத்தில் வந்தவர் என்று சொல்லி, முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபை வெளியே அனுப்பிவிட்டது. 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார், மறு வருஷமே கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் நம் முத்துக்குளித்துறைக் கரைதான் அவருக்கு ஊர். 1600இல் புன்னைக்காயலில் இறந்து, நம் தூத்துக்குடியில் அடக்கமானார்.

அவர் வருவதற்குச் சில வருஷம் முன்புதான் கரையோரப் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சவேரியார் வந்து ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். சரி, ஜெபத்தை மனப்பாடம் செய்யலாம். பாவசங்கீர்த்தனத்தை என்ன செய்வது? ஒருவன் தன் குற்றத்தைச் சொல்லி அழும்போது நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி உட்கார்ந்திருந்தால் வாய் வருமா? அண்டிரிக்கியார் தமிழை அவ்வளவு பிடிவாதமாகப் படித்ததற்கு இதுவே பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. லத்தீன் படித்த முறையிலேயே வேற்றுமை இது, வினைமுற்று இது என்று பிரித்துப் பிரித்துக் கற்றார். அப்படி அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது. நன்னூலை வைத்துப் படித்த தமிழ் இல்லை அது, கரையில் காதால் கேட்டுப் படித்த தமிழ்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே வந்த முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20, கொல்லம். மொத்தம் பதினாறு பக்கம், உள்ளங்கை அகலம். போர்த்துகீசிய மொழியில் இருந்த ஞானோபதேசத்தை, அதாவது கிறிஸ்தவ மறைப்பாடத்தை, இவர் தமிழாக்கினார். 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும், மறு வருஷம் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அதில் இருக்கின்றன. எழுத்து வார்ப்பவன் மாதிரி காட்டுவானே, அந்தப் பெருமை!

அந்தப் பக்கங்களின் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி கிடையாது. ஓலையில் எழுதுவது எப்படியோ அப்படியே ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும், சரி. ஈயத்துக்கு என்ன கேடு? நாம் ஈய எழுத்தைப் பிரித்துப் போட்டுவைக்கும் கேஸில் புள்ளி எழுத்துக்கு எத்தனை கட்டம், அதில் கை மாறிப்போனால் முதலாளியிடம் எத்தனை வசவு! அங்கே 'கொடு'வும் 'கோடு'ம் ஒன்று. காலும் ரகரமும் ஒன்று. அந்தப் பாஷையைப் பேசிப் பழகியவனால்தான் படிக்க முடியும். குறில் நெடிலைச் சுழி போட்டுப் பிரித்ததற்கு வீரமாமுனிவரைக் கொண்டாடுகிறோம், அது நியாயம். ஆனால் மெரினாவில் அவருக்குச் சிலை வைத்த ஊரில் இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

கொல்லத்தோடு அவர் நிற்கவில்லை. அடுத்த வருஷம் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586இல் புனிதர்களின் வரலாறு, அறுநூறு பக்கத்துக்கு மேல். அதை எந்த மகராசன் கம்போஸ் செய்தானோ, அவன் முதுகை நினைத்தால் என் முதுகு வலிக்கிறது.

புன்னைக்காயலில் அவர் காலத்துச் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. வலை காயப்போட்டிருந்தார்கள். பேரன் பேரம் பேசத் தெரியாமல் சாளை மீனை இரட்டை விலைக்கு வாங்கினான். வீட்டில் அதற்கும் எனக்குத்தான் திட்டு.

முதல் பக்கத்தின் படத்தை உனக்காக ஒரு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பேனாவால் புள்ளி வைத்துத் திருத்தாமல் படித்துப் பார். உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் பழைய அச்சாபீஸ் கூட்டாளி