மூன்று மெழுகுவத்திகள்

கும்பகோணம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் காலை நடைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாய் என்பதறிந்து மகிழ்ந்தேன். விடுமுறைக்கு வரவிருக்கும் பேரனுக்காக அறிவியல் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் எண்ணம். ஏன் என்று சொல்ல, சென்ற மாதம் என் பேத்தியோடு கழித்த நாள்களைப் பற்றி எழுத வேண்டும்.

சாம்பார் சிந்திய பாவாடையில் அவள் பாட்டி சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் கறை செக்கச் சிவந்துபோனதைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்டு அவள் என்னிடம் ஓடிவந்தாள். நான் விளக்கம் சொல்லவில்லை. மஞ்சள்தூளை நீரில் குழைத்துத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தேன். அன்று மாலைக்குள் எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர், சோப்பு நீர் எல்லாவற்றையும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்துவிட்டாள். சுண்ணாம்புத் தெளிநீரை மட்டும், கண்ணில் தெறித்துவிடும் என்று அஞ்சி, நானே விட்டேன். சிவந்த தாளில் எலுமிச்சைச் சாறு பட்டதும் மஞ்சள் நிறம் திரும்புவதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். “அப்படியானால் ஆரத்தித் தண்ணீரும் இதுதானே, தாத்தா?” என்று கேட்டாள். அத்தனை ஆண்டுகள் வகுப்பில் காரத்தையும் அமிலத்தையும் பற்றிப் பேசிய நான் ஒருமுறைகூட ஆரத்தியை எடுத்துக்காட்டாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மெழுகுவத்திச் சோதனையைப் பற்றி. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்து மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பைசாந்தியம் நகரத்துக் கிரேக்கப் பொறியாளர் பிலோ விவரித்த சோதனை இது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிடுவதால் அந்த இடத்தை நீர் நிரப்புகிறது என்று நாம் படித்தோம். நானும் அதையே நெடுங்காலம் கற்பித்தேன்.

தட்டு நீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து இதைச் செய்து காட்டி, அதே விளக்கத்தை அவளிடமும் சொன்னேன். தரையில் குப்புறப் படுத்துத் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அவள், “எரியும்போது நீர் ஏறவில்லையே, அணைந்த பிறகுதானே சடாரென்று ஏறியது?” என்றாள். மீண்டும் செய்தோம். அவள் சொன்னதே சரி. ஆக்சிஜன் குறையக் குறைய நீர் ஏறியிருந்தால், சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே அது சிறிது சிறிதாக உயர்ந்திருக்க வேண்டும். அடுத்து, ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை வைத்து அதே தம்ளரால் மூடினோம். உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு மாறவில்லை. நீரோ முன்னைவிட உயரமாக ஏறியது. மூடிய கணத்தில் தம்ளரின் விளிம்பு வழியே குமிழிகள் வெளியேறியதையும் இம்முறை இருவருமே பார்த்தோம்.

சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி தப்பிச் செல்கிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளியே உள்ள காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாவதால், அதனால் நேரும் இழப்பு சிறிதே. இதை உறுதிசெய்ய, கை பொறுக்கும் சூட்டில் இருந்த வெந்நீரில் தம்ளரைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்து, சுடரே இல்லாமல் தட்டில் கவிழ்த்தோம். அப்போதும் நீர் அரை விரற்கடை ஏறியது. அவள் கைதட்டினாள், எனக்கோ, என்னிடம் படித்த அத்தனை பிள்ளைகளின் முகங்களும் கண்முன் வந்து நின்றன. அவர்களில் எவரையேனும் குப்புறப் படுத்துப் பார்க்க நான் விட்டிருந்தால், அன்றே இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

பெட்டியோடு வரும் கையேட்டில் என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதெல்லாம் முன்னரே அச்சாகி இருக்கும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். பேரன் வந்ததும் மெழுகுவத்திகளை நீயே ஏற்றிக் கொடு. விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது என் பேத்தி, தம்ளருக்குப் பதில் ஊறுகாய்ப் பாட்டிலால் மூடினால் சுடர் எத்தனை விநாடி கூடுதலாக எரியும் என்று கணக்கெடுத்து நோட்டில் எழுதி வருகிறாள். உன் பேரனும் அளந்து அனுப்பினால் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று காத்திருக்கிறாள். பாட்டிலின் கொள்ளளவையும் மறக்காமல் குறிக்கச் சொல்.

உன் அன்பு நண்பன்