கொல்லையில் ஓர் அடுப்பெரி

ஆசிரியருக்கு,

எங்கள் கொல்லையில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. நாலு மாட்டுச் சாணத்தைத் தினமும் காலையில் சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோல் துரும்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஊற்றுவோம். காற்றுப் புகாத குழிக்குள் நுண்ணுயிர்கள் அதைச் செரித்து மீத்தேன் தருகின்றன. கரி பிடிக்காத நீலச் சுடரில் சமையல் முடிந்துவிடும். வெளியே வரும் கரைசல்தான் எங்கள் வாழைக்கு உரம். பச்சைச் சாணத்தின் நாற்றமும் அதில் இல்லை.

சாணம் போன்ற கழிவுகளிலிருந்து வாகனங்களுக்கான எரிவாயு தயாரிக்க 2018-இல் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டம் பெரிய ஆலைகளுக்கானது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஊருக்குள் மானியத்தில் கட்டிய கலன்கள், வாயு தேங்கும் மேல்கூண்டு விரிசல் விட்டு, பூசிக் கொடுக்க ஆளில்லாமல் மண்மூடிக் கிடக்கின்றன. பார்த்தால் வயிறு எரிகிறது. ஒன்றியத்துக்கு இரண்டு கொத்தனார்களுக்காவது அரசு இந்த வேலையைப் பழக்கிவிட வேண்டும்.

– ஒரு விவசாயி, ஈரோடு மாவட்டம்